காம்போதியில் ஓர் இடம்

ஞாயிறுதோறும் குணாளன் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு கச்சேரிப் பதிவைக் கொண்டுவந்து மற்றவர்களைக் கேட்க வைப்போம். அன்று தில்லைநாயகத்தின் முறை. பழைய காம்போதிப் பல்லவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"வயலின் முடிஞ்சு பாட்டு திரும்ப வர்ற இடம் ஒண்ணு இருக்கு. அத மட்டும் விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். தொடையில் தாளம் விழத் தொடங்கியது.

வயலின் பாதியில் கரண்ட் போய்விட்டது. பாட்டு அறுந்தது, மின்விசிறி ஓய்ந்தது. தில்லைநாயகத்தின் கை நிற்கவில்லை. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக்கொண்டே போனது. ஏதோ சொல்ல வாயெடுத்த குணாளனின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தேன். அறையில் தொடை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதோ!" என்றார். மூடிய இமையோரம் ஈரம். "கேட்டீங்களா?"

"அடடா!" என்றான் குணாளன், தேவைக்கு மேல் உரக்க.

அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. கண்ணைத் திறந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, நின்றுபோன மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார்.

"போடுங்க" என்றார், கையை நிறுத்தாமல். "நீங்களும் தாளம் போடுங்க."