உல்லன் கடை, பத்தாம் பாகம்

கண்களைக் கட்டி, அசையக் கூடாது என்று உட்கார வைத்து இன்றோடு ஆறு நாள். அவள் கைக்கு எட்டிய தலையணையை ஓங்கிக் குத்தினாள்.

"இன்னும் எத்தனை நாளுங்க இந்தச் சிறை?"

"இன்னும் எட்டு நாள். மொத்தம் ரெண்டு வாரம்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே கேட்டே?" என்றான் கணவன்.

ஆபரேஷன் நடந்தது என்னவோ வலது கண்ணில்தான். இடது கண் அசைந்தால் வலதும் கூடவே அசையும் என்று டாக்டர் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். குனியக் கூடாது, அழக் கூடாது, பதறக் கூடாது. தையல் விட்டுப்போனால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிற கணக்கு டீச்சர் அவள். சும்மா இரு என்றால் இருக்கிற பிறவியா? அவளை ஓர் இடத்தில் உட்கார வைக்கக் கூடியவை 'உல்லன் கடை' நாவல்கள் மட்டும்தான். ஒரு சின்னத் தெரு, அதில் ஓர் உல்லன் கடை, வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள், சூடாக டீ. யாருக்காவது மனசு உடைந்திருக்கும், கடைசிப் பக்கத்துக்குள் ஒட்டிவிடும். ஒன்பது பாகத்திலும் ஒரு பூனைகூடச் செத்ததில்லை.

"ரொம்ப நல்லது. அதையே படிச்சுக் காட்டுங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

பத்தாம் பாகத்துக்கு லைப்ரரியில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் கணவன் போன அரை மணி நேரத்தில் தடிமனான ஒரு புத்தகத்தோடு திரும்பினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "லைப்ரரியன் அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்ப நான்தானே வெளிய கொண்டுவந்தேன்? அந்த நன்றி" என்றான்.

கதை கிடைத்ததே தவிர, கேட்கிற சுகம் கிடைக்கவில்லை. அவன் படிக்கிற லட்சணம் அப்படி. ஒரு வரி படிப்பான், நிறுத்துவான், இருமுவான், தண்ணீர் குடிப்பான், "ம்ம்ம்..." என்று இழுப்பான். அவள் வகுப்பில் இப்படி யாராவது படித்திருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பாள்.

"'உயரமான அந்த மனிதர் மறுபடியும் கடைக்குள் வந்தார். வந்து... தரையை... அளந்தார்.'"

"தரையை எதுக்கு அளக்கறாரு?"

"கம்பளம் பின்னச் சொல்லப் போறாரா இருக்கும்."

"மூணு தடவை வந்துட்டாரு. ஒரு நூல் உருண்டைகூட வாங்கலை. இவருதான் ஹீரோவா?"

"ஆமா. கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"எல்லாப் பொம்பளைங்க கையையும் உத்து உத்துப் பார்க்கிறாரு. இதுவா கூச்சம்?"

"யாரு நல்லா பின்னுவாங்கன்னு பார்க்கிறாரு. கதையைக் கேளேம்மா!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். போன பாகத்தில் கடைக்கார அம்மாவும் தங்கையும் பேச்சை முறித்துக்கொண்டு பிரிந்திருந்தார்கள். அவர்கள் சேர்வார்களா என்ற கவலையில் நான்கு மாதமாக அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

"தங்கச்சி வந்தாளா இல்லையா?"

"வெளியூர் போயிருக்கா."

"முதல் நாள் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னீங்க!"

"தூரமான ஊரு" என்றவன் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினான். "'எல்லோரும் டீ குடித்தார்கள். பின்னினார்கள். ம்ம்ம்... மகிழ்ந்தார்கள்.'"

"நிறுத்துங்க!" அவள் கட்டிலில் தட்டினாள். "முதல் அத்தியாயத்துல கடைக்குள்ள நாலு பேர் போனாங்க. வெளிய வந்தது மூணு பேர். நாலாவது ஆள் எங்கே?"

"உள் ரூம்ல தூங்கறாங்கன்னு படிச்சேனே."

"இன்னுமா?"

"அசதி."

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "பக்கம் பக்கமாத் தாண்டறீங்க! இந்தக் கதைன்னாலே உங்களுக்கு வேப்பங்காய். எப்படா முடியும், எழுந்து ஓடலாம்னு இருக்கு, அதானே? கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடக்கறா, இவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு..." குரல் உடைந்தது.

"ஐயோ, அழாதே! அழக் கூடாது!"

"எனக்குக் கிடைச்சிருக்கிறது இந்த ஒரு சந்தோஷம். அதுலயும் ஏமாத்தினா எப்படி? குடுங்க, நானே பார்த்துக்கறேன்." அவள் கை பின்னந்தலைக்குப் போய்க் கட்டின் முடிச்சைத் தேடியது.

புத்தகம் தரையில் விழுந்தது. அவன் பாய்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா. அவிழ்த்தா கண்ணே போயிடும். உன்மேல சத்தியமா ஒரு பக்கம்கூடத் தாண்டலை."

பத்தொன்பது வருடமாக அவனைத் தெரியும். அவள்மேல் சத்தியம் செய்து அவன் பொய் சொன்னதே இல்லை.

அவள் கைகள் மெல்லத் தளர்ந்தன. மனக்கணக்குப் போடும்போது அசைவதைப் போல உதடுகள் மட்டும் அசைந்தன.

அவன் புத்தகத்தை எடுத்துத் தட்டி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தான். முகமெல்லாம் வியர்வை. "'பிறகு... எல்லோரும் மறுபடியும் டீ குடித்தார்கள். புதிதாக ஒரு... ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை...'"

"போதுங்க." அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் பதற மாட்டேன். கொலை பண்ணது யாருன்னு மட்டும் சொல்லுங்க."