மூச்சடக்கிய பூசணிக்காய்

கட்டி முடியாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், திருஷ்டிக்காகக் கட்டிய பூசணிக்காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு நைந்துபோனதைப் பார்த்து அதற்கு உள்ளுக்குள் உதறல்.

"இதுக்கா பயப்படுறீங்க?" என்றது கயிற்றில் ஊர்ந்து வந்த எறும்பு. "நான் இங்கேயிருந்து மூணு தடவை விழுந்திருக்கேன். ஒரு கீறல்கூட இல்லே, பாருங்க."

"எப்படித் தப்பிச்சே?"

"மூச்சை அடக்கிக்கிட்டேன். அவ்வளவுதான்."

எறும்பு பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அது மூச்சை அடக்கிக்கொண்டுதான் விழுந்தது.

பூசணிக்காய் ஒரு வாரம் மூச்சடக்கிப் பழகியது. அது போதாதென்று, காற்றில் வந்து சிக்கிய பிளாஸ்டிக் பை ஒன்றைத் தன் காம்பில் மாட்டிவிடும்படி எறும்பிடம் சொன்னது. பாராசூட்டாம்.

வெள்ளிக்கிழமை கயிறு அறுந்தது. பை விரிவதற்குள் தரை வந்துவிட்டது.

எறும்பு கீழே இறங்கி, சிதறிய விதைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு உண்மையாகவே வருத்தம்.

மறுநாள் மேஸ்திரி அதே இடத்தில் வேறொரு பூசணிக்காயைக் கட்டினார். எறும்பு தைரியம் சொல்லப் போனது.

"எனக்கு முன்னாடி இருந்தவர் என்ன ஆனார்?" என்று கேட்டது புதுப் பூசணிக்காய்.

எறும்பு கொஞ்சம் யோசித்தது.

"பாவம், நல்லவர்தான். கடைசி நேரத்துல மூச்சை விட்டுட்டார்."