பூதத்துக்குப் பெயர் துரிம்பெத்

மணலில் கிடக்கும் துருப்பிடித்த படகுகள் தானாக ஆட ஆரம்பித்தால் அது வருகிறது என்று அர்த்தம். வற்றிப்போன அரால் கடலின் ஆவி அது. மணலுக்கடியில் நீந்தி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

தங்கள் வீடியோ கேமுக்கு இந்தப் பூதத்தைக் கற்பனை செய்தவன் அஸமத். வரைந்தவள் பீபிநாஸ். துரிம்பெத் என்று பெயர் வைத்ததும் அவன்தான். அந்தப் பெயரை மட்டும் அவள் வாயில் எடுப்பதே இல்லை.

பெயரை மாற்றி வேறு கம்பெனிக்கு விற்கப் பார்க்கிறாளோ? நூகுஸ் நகர அலுவலகத்தில், டீயோடு வந்தவளை அஸமத் மடக்கினான்.

"திரையில இருக்கிறது யாரு?"

"நம்ம உப்புப் பெரியவர். அவருக்கு வால் இன்னும் கொஞ்சம் நீளணும்."

"பூதத்துக்கு என்னடி இவ்வளவு மரியாதை? பேரைச் சொல்லு."

"மாட்டேன்."

"அப்போ யாருக்கோ விக்கப்போற! உண்மையைச் சொல்லு, யாரு அவன்?"

பீபிநாஸ் டீயை ணங்கென்று வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"குறட்டை விடுறார்னு பெத்த அப்பா பேரையே பூதத்துக்கு வச்சுட்டு, என்னையா சந்தேகப்படுறீங்க? அந்த வீட்டுக்கு வாழ வரணும்னு ஆசைப்படுறவ, மாமனார் பேரை எந்த வாயால சொல்லுவா?"