கன்வெர்ட்டர் வந்த நேரம்

“சுத்துதுடி! ஓடி வா, சுத்துது!”

மாடியிலிருந்து அவர் போட்ட கூச்சலில், தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு மனைவி ஓடி வந்தாள். பழைய ட்ரெட்மில் மோட்டாரில் பிளாஸ்டிக் குழாயை வெட்டி இறக்கை வைத்து அவர் கட்டிய காற்றாலை, விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

தெருவில் அவருக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர். மரியாதைக்காக வைத்ததல்ல, கிண்டலுக்கு வைத்தது. மூன்று மாதமாக அந்த இறக்கை ஒழுங்காக ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. இன்று மத்தியானத்துக்குள் சுற்றாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவதாக மனைவி கெடு வைத்திருந்தாள்.

“எப்படிங்க திடீர்னு?”

“காத்தாடியில வர்ற கரண்டு ரொம்ப வீக்கு. அதைத் தூக்கிவிட்டு பேட்டரியில ஏத்தறதுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிட்டு வந்தேன். வயரை மாட்டி முடிச்சேன் பாரு, அந்த நிமிஷமே காத்து கிளம்பிருச்சு. எல்லாம் நேரம்தான்!”

சிலுசிலுவென்று முகத்தில் காற்று பட்டது. கொடியில் ஆடாமல் அசையாமல் தொங்கிய போர்வையை ஒதுக்கிவிட்டு, அவள் ஒரு ஸ்டூலைக் காற்றாலைக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“என் வாயாலயே சொல்றேன், நீங்க கெட்டிக்காரர்தான். என் தையல் மிஷினையும் இதுலயே ஓட்டிரலாமா?”

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே அவள் தம்பிக்குப் போன் போட்டார். மச்சான் எலக்ட்ரீஷியன், பக்கத்துத் தெருவில்தான் கடை.

வந்தவன் காற்றாலையை நன்றாகப் பார்த்தான். குனிந்து கன்வெர்ட்டரைப் பார்த்தான். அப்புறம் என்னவோ கொடியில் கிடந்த போர்வையையும் ஒரு தடவை பார்த்தான்.

“மாமா, பேட்டரி வயரை ஒரு நிமிஷம் கழட்டிப் பாக்கட்டுமா?”

“தாராளமா கழட்டு மாப்ள! காத்துல ஓடறதுக்கு பேட்டரி எதுக்கு?”

கழற்றினான். இறக்கை மெல்லத் தளர்ந்து நின்றது. கூடவே காற்றும் நின்றது.

மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கன்வெர்ட்டரைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க மாமா. காத்தாடி பேட்டரிக்குக் கரண்டு குடுக்கல. பேட்டரிதான் இதுக்குக் குடுத்துச் சுத்த விட்டிருக்கு.”

விஞ்ஞானியின் முகம் விழுந்துவிட்டது. நேரம் பார்த்து, கீழே இரும்புக்காரரின் சைக்கிள் மணி வேறு கேட்டது. மூன்று மாத உழைப்பு மூட்டை கட்டப்போகிறதே என்று தவித்தபடி அவர் மனைவியைப் பார்த்தார்.

அவள் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே தம்பியிடம் திரும்பினாள்.

“இரும்புக்காரரைப் போகச் சொல்லிட்டு, அந்த ஃபேனை மறுபடியும் போடுடா, புழுங்குது!”