ராஜாவின் கழுத்து

மரணத்தைக் கண்டு அஞ்சாதவர், எங்கள் நாடகக் குழுவின் நிரந்தர ராஜா. பின்கழுத்து வீங்கியதும் உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் ஸ்கேன் எடுக்க வந்தார்.

“தலையைக் குனிங்க சார். ஜெல் தடவணும்.”

“ராஜா குனியமாட்டான்மா.”

“வீட்ல குனிவாரு. நீங்க தடவுங்க டாக்டர்” என்று மனைவி அவர் தலையை அழுத்தினார்.

டாக்டர் கருவியைக் கழுத்தில் நகர்த்தியபடி திரையைப் பார்த்தார்.

“கேன்சரா? தயங்காம சொல்லுங்க. நேருக்கு நேர் நின்னு பாத்துக்கிறேன்.”

“அப்படி எதுவும் தெரியல சார். வெறும் நெறிதான் கட்டியிருக்கு. தலையில புண் இருந்தா இப்படி வீங்கும்.”

“என் தலையில எவன் கை வைக்க முடியும்?”

மனைவி கை வைத்தார். முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பேன் கடித்துச் சொறிந்த புண். பேன், வாடகைக் கிரீடத்திலிருந்து வந்தது.