ஒட்டுத் தோல்

அண்ணன் என்னைவிடப் பத்து நிமிடம் மூத்தவன். எனக்குத் தீக்காயம் பட்டபோது அவன் தொடையிலிருந்து தோலெடுத்து என் முன்கையில் ஒட்டினார்கள். அவன் தான் வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்குக்குள் நுழைந்தால், அந்த இடத்தில் மட்டும் எனக்கு முடி குத்திட்டு நிற்கும். அவன் வெளியே வந்ததும் படிந்துவிடும்.

இன்று ஆறரை ஆகியும் படியவில்லை. கிடங்குக் காவலாளிக்குப் போன் செய்தேன்.

"எல்லாரும் அஞ்சுக்கே போயாச்சே தம்பி."

"ஒரு தடவை உள்ள பாருங்கண்ணே."

"சரி, சாவி எடுக்கிறேன். லைன்லயே இருங்க."

எங்கள் வீட்டு வாசல் கதவு திறந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றினான். அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"ஏண்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான்.

அண்ணி அவனுக்கு டீ ஊற்றினாள்.

"வேண்டாம்ண்ணே, வந்துட்டான்," என்று போனை வைத்தேன்.

கையைத் தடவினேன். ஒட்டிய தோல் மட்டும் ஐஸாய்ச் சில்லிட்டு, மெல்ல நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.