மற்றவை

திரை கேட்டது: ஒன்று முதல் பத்து வரை, இந்தப் பழக்கத்தை நிறுத்த எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறீர்கள்?

அவன் பத்தைத் தொட்டான்.

விரல் வழுக்கி ஒன்பதில் பட்டது. மறுபடி தொட்டான்.

லோகுவை யாரும் அந்த அரசு மருத்துவமனைக்கு இழுத்து வரவில்லை. தானாகவே பஸ் ஏறி வந்தான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். அவனோடு மீன் லாரியில் ஓடிய சீனு அதிலிருந்து மீண்டிருந்தான். அந்த ஆஸ்பத்திரி கவுன்சிலர் சுகிர்தா மேடம் பேசித்தான் மீண்டேன் என்று சொல்லியிருந்தான்.

அந்த மேடத்தைப் பார்க்கத்தான் வந்தான்.

வாசலில் நர்ஸ் ஓர் உறையைப் பிரித்துப் பார்த்தார்.

"உனக்குக் கம்ப்யூட்டர் விழுந்திருக்குப்பா."

"மேடத்தப் பாக்கணும் சிஸ்டர்."

"ஆராய்ச்சி நடக்குது. பாதிப் பேருக்கு மேடம், பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர். குலுக்கல்ல எது வருதோ அதுதான்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

ஏன் நிறுத்த விரும்புகிறீர்கள்? என்றது திரையின் பெண்குரல்.

உடல்நலம். குடும்பம். வேலை. மற்றவை.

அன்று காலை அவன் குளித்துவிட்டு வந்தபோது மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாலு வயது.

இடது கையில் ரிப்பனைச் சுற்றியிருந்தாள். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வலது கையில் அவனுடைய ஊசி.

அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

'குடும்பம்' வரை விரல் போனது. நின்றது. அந்தச் சொல்லுக்குள் அது அடங்கவில்லை.

'மற்றவை'யைத் தொட்டான்.

மிக நன்று, என்றது குரல்.

"பாப்பா பல்லால கடிச்சு இஸ்துனு இருந்துச்சு" என்று திரையிடம் சொன்னான்.

தொடர்வதற்கு, 'அடுத்து' என்பதைத் தொடவும்.

தொட்டான்.

வெளியே வந்தபோது சுகிர்தாவின் அறை திறந்திருந்தது. குலுக்கலில் அவளுக்கு விழுந்தவர் அன்று வரவில்லை. தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் நிலைப்படியில் நின்றான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அஞ்சு நிமிஷம்."

எழுந்தாள். அவன் கையிலிருந்த குலுக்கல் சீட்டைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் போட்டிருக்காங்க தம்பி. நான் பேசினா ஆராய்ச்சி கெட்டுடும். மூணு மாசம் முடியட்டும். அப்புறம் கண்டிப்பா பேசலாம், சரியா?"

"சரி மேடம்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

எத்தனையோ பேரின் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க மாதக்கணக்கில் போராடியிருக்கிறாள். இவன் சொல்ல வந்தான். இவனைப் போகச் சொல்லிவிட்டாள்.

எழுந்து ஓடினாள்.

"மேடம், அவர் உங்க ஆள் இல்ல" என்று நர்ஸ் பின்னாலிருந்து சொன்னார்.

அவள் நிற்கவில்லை.

மருத்துவமனை வாசலில் ஒரு பைக் உறுமிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர். கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டு. எதை மறைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இருவருக்கும் நடுவில் லோகு ஏறி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி!" மூச்சு வாங்கியது. "என்ன சொல்ல வந்தீங்க? இப்ப சொல்லுங்க. நான் கேக்குறேன்."

லோகு அவளைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. மரியாதையாகச் சிரித்தான்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சொல்ட்டேன் மேடம்."

வண்டி கிளம்பியது.

பின்னால் இருந்தவன் அவன் தோளில் கை போட்டு, காதருகே குனிந்து, என்னடா மச்சான், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே போனான்.